விம்பிள்டன் வீட்டில் ஒரு வால்வு ஆம்ப்: டிரான்ஸ்ஃபோமர் தேடின கதை

"தம்பி, இதுக்கு பிரைமரி எத்தினை வோல்ட்?"

பார்சலைப் பிரித்து அந்தக் கறுப்பு டிரான்ஸ்ஃபோமரை மேசையில் வைத்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். விலையைக் கேட்கவில்லை. எங்கே வாங்கினாய் என்றும் கேட்கவில்லை. கையில் தூக்கிப் பாரம் பார்த்தார், கம்பிகளின் நிறத்தைப் பார்த்தார், பிறகு கேட்டார்.

நான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்.

"அப்ப இதை வச்சு என்ன செய்யப் போறாய்? கதவுக்கு முட்டுக் குடுக்கவோ?"

நான் மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிற ஆள். மாஸ்டர்ஸ் வரைக்கும் படிச்சிருக்கிறேன். இரண்டு மாதம் இரவிரவாக வாசித்த பிறகுதான் அந்தப் பொருளை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தேன். "ஒரிஜினல் மாதிரியே" என்ற வரியைப் பார்த்த கண், அதுக்குக் கீழே இருந்த இரண்டு எண்களைப் பார்க்கவில்லை. விற்றவர் மேல் ஒரு பிழையும் இல்லை, எல்லாம் எழுதித்தான் இருந்தது. அப்பா மட்டும் அன்றைக்கு வீட்டில் இல்லாவிட்டால் அதை விம்பிள்டன் கரண்டில் கொழுவி, புகையைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியிருக்கும்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு எண்களைப் பற்றியது. கிட்டார் பழகும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்து, "நாங்களே ஒரு ஆம்ப் செய்வமா?" என்று கேட்டால், டிரான்ஸ்ஃபோமர் வாங்குவதற்கு முதல் இதை ஒருக்கா வாசியுங்கள்.

எதைச் செய்ய வெளிக்கிட்டோம்?

மகளுக்குப் பதின்மூன்று வயது. சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளிக்கூடம், மத்தியானம் கிட்டார் வகுப்பு. வீட்டில் இவ்வளவு நாளும் லப்டொப்பில் ஒரு செயலியை வைத்துத்தான் வாசித்தாள். ஒரு நாள் வகுப்பில் வால்வு போட்ட பழைய ஆம்ப் ஒன்றில் வாசித்துவிட்டு வந்து, "அப்பா, மெதுவாத் தொட்டா மெதுவாக் கேக்குது, உரக்க அடிச்சா அது கத்துது" என்றாள். அதுக்கு மேல் எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

முதல் தடவை செய்பவர்கள் அனேகமாகத் தேர்ந்தெடுப்பது ஃபெண்டர் கம்பனியின் சாம்ப் என்ற சின்ன ஆம்பைத்தான். 1950களின் பிற்பகுதியில் வந்த அதன் 5எஃப்1 என்ற வரைபடம் ஒரு தாளில் அடங்கிவிடும். மூன்றே வால்வுகள்: கிட்டாரின் சின்ன சிக்னலைப் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கருக்குப் பலம் கொடுக்க ஒரு 6வி6, கரண்டை டிசி ஆக்க ஒரு 5ஒய்3. மொத்தம் 5 வாட்ஸ் அளவில்தான் சத்தம் வரும். சுவர் ஒட்டிய லண்டன் வீட்டுக்கு அதுவே கூட என்பது என் மனைவியின் கருத்து. பக்கத்து வீட்டுக்காரரும் அப்படித்தான் நினைப்பார்.

ரெசிஸ்டர், கபாசிட்டர் எல்லாம் சில்லறைக் காசு. பிழையானதை வாங்கினால் கழற்றிவிட்டு வேறு ஒன்றைப் பிடிக்கலாம். டிரான்ஸ்ஃபோமர் அப்படி இல்லை. என் பட்டியலில் இரண்டு டிரான்ஸ்ஃபோமர்களுக்கும் போன காசு மற்ற எல்லாவற்றையும்விட அதிகம். சாஸியில் ஓட்டை போடுவதும் அதன் அளவுக்குத்தான். எங்கள் தொழிலில் சொல்வதானால், பிறகு ஒரு அப்டேட் அனுப்பித் திருத்த முடியாத பகுதி இது.

இரண்டு இரும்புத் துண்டுகள்

மகளுக்கு அப்பா விளங்கப்படுத்தியது எனக்கும் பிடித்திருந்தது, அதையே சொல்கிறேன்.

ஒரு இரும்புச் சட்டத்தில் இரண்டு செப்புக் கம்பிச் சுருள்கள். ஒன்றுக்கும் மற்றதுக்கும் கம்பித் தொடர்பு கிடையாது. ஒன்றில் மாறி மாறி ஓடும் கரண்டைக் கொடுத்தால் இரும்பில் காந்தம் ஏறி இறங்கும். அந்தக் காந்தம் மற்றச் சுருளில் கரண்டை எழுப்பும். முதல் சுருளில் 100 சுற்று, மற்றதில் 200 சுற்று என்றால் வோல்டேஜ் இரண்டு மடங்கு. கரண்ட் கொடுக்கும் சுருள் பிரைமரி, எடுக்கும் சுருள் செகண்டரி.

ஒரு வால்வு ஆம்பில் இப்படி இரண்டு இருக்கும். பவர் டிரான்ஸ்ஃபோமர் வீட்டுக் கரண்டை வால்வுகளுக்குத் தேவையான வோல்டேஜ்களாக மாற்றும். அவுட்புட் டிரான்ஸ்ஃபோமர் நேர் மாறு. வால்வு கொடுப்பது உயர்ந்த வோல்டேஜும் மிகக் குறைந்த கரண்டும். ஸ்பீக்கர் கேட்பது குறைந்த வோல்டேஜும் கூடின கரண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் மாதிரி நிற்பது இதுதான்.

"அப்பப்பா, உங்களுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்று மகள் கேட்டாள்.

அப்பா எழுபதுகளின் கடைசியில் யாழ்ப்பாணம் டவுனில் ஒரு ரேடியோ திருத்தும் கடையில் வேலை பழகினவர். எரிந்த டிரான்ஸ்ஃபோமரைப் பிரித்து, சுற்றுகளை எண்ணி, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் போட்டுக் காய வைப்பதுதான் அவருடைய வேலை. லண்டனுக்கு வந்த பிறகு முப்பது வருசம் பெட்ரோல் ஸ்டேஷன் கல்லாவில் நின்றார். அவர் ரேடியோ திருத்தினவர் என்று எனக்குத் தெரியும். ஆனால் மின்சுற்றுப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்த நான், ஒரு நாளாவது அவரிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. மகள்தான் முதலில் கேட்டாள்.

"வோல்டேஜை இறக்கலாம், சைக்கிளை மாத்த ஏலாது"

120 வோல்ட் டிரான்ஸ்ஃபோமரை வாங்கிவிட்டேன் அல்லவா, அதைக் கைவிட மனம் வரவில்லை. "ஒரு ஸ்டெப் டவுன் பெட்டியை முன்னுக்குப் போட்டு 240ஐ 120 ஆக்கலாம்தானே?" என்று கேட்டேன். கனடாவிலிருந்து வந்த மாமி கொண்டுவந்த சமையல் சாமானை அப்படித்தான் ஓட்டினோம்.

அப்பா தலையாட்டினார். "வோல்டேஜை இறக்கலாம், சைக்கிளை மாத்த ஏலாது."

மகள் முழித்தாள். "என்ன சைக்கிள்?"

கரண்ட் ஒரு நொடியில் எத்தனை தடவை முன்னும் பின்னும் போய் வருகிறதோ, அதைப் பழைய ஆட்கள் சைக்கிள் என்பார்கள். இன்றைக்கு ஹெர்ட்ஸ். பிரிட்டனில், இலங்கையில், இந்தியாவில் 50. அமெரிக்காவிலும் கனடாவிலும் 60. ஸ்டெப் டவுன் பெட்டியும் ஒரு டிரான்ஸ்ஃபோமர்தான், 50ஐ வாங்கி 50ஐயே கொடுக்கும். ஒரே வோல்டேஜில் 60க்குப் பதிலாக 50 கொடுத்தால், இரும்பில் ஏறும் காந்தம் 20 சதவீதம் கூடும். 60க்கு மட்டுமே கணக்காகச் செய்த இரும்பு அதைத் தாங்காது. நிறைந்து வழியும், சூடேறும், இரையும். பெரிய இரும்பாகப் போட்டுச் செய்திருந்தால் சமாளிக்கும். ஆனால் "50/60" என்று பெட்டியில் எழுதியிருந்தால்தான் நம்பலாம். எழுதாவிட்டால் இல்லை என்றுதான் எடுக்க வேண்டும்.

சைக்கிள் என்றதும் அப்பாவுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பேட்டரிக்கும் தடை. அங்கேயே தங்கிவிட்ட பெரியப்பா, எத்தனையோ வீடுகளில் செய்தது போல, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் கரண்டில் ரேடியோச் செய்தி கேட்டாராம். சுற்றுகிற கை தளர்ந்தால் செய்தியும் தளரும். "இருக்கிற கரண்டுக்கு ஏத்த மாதிரித்தான் ரேடியோ. ரேடியோவுக்கு ஏத்த மாதிரி கரண்ட் வராது" என்றார் அப்பா.

டிரான்ஸ்ஃபோமர் வாங்கும் விதி எனக்கு அந்த ஒரு வசனத்தில் கிடைத்துவிட்டது. வரைபடம் எந்த ஊரில் வரைந்தது என்பதை முதலில் பார்க்காதீர்கள். உங்கள் சுவரில் என்ன கரண்ட் வருகிறது என்பதைப் பாருங்கள்.

எங்கட ஊரைச் சுற்றி ஒரு சரித்திரம்

"அப்ப ஒரிஜினல் சவுண்ட் வராதே" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பதில் விம்பிள்டனைச் சுற்றியே கிடந்தது.

1962இல் மேற்கு லண்டன் ஹான்வெல்லில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், கிட்டார்காரர்கள் கேட்கிறார்கள் என்று ஒரு ஆம்ப் செய்ய நினைத்தார். கடையில் இருந்த கென் பிரானும், ஈ.எம்.ஐ.யில் வேலை பழகிய டட்லி கிரேவன் என்ற இளைஞரும் அதைச் செய்தார்கள். அவர்கள் முன்மாதிரியாக எடுத்தது அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மன். ஆனால் அமெரிக்கப் பாகங்களை வரவழைக்க அவர்களுக்கு வசதி இல்லை. டிரான்ஸ்ஃபோமரை ரேடியோஸ்பேர்ஸ் என்ற லண்டன் பாகக் கம்பனியின் பட்டியலில் இருந்து எடுத்தார்கள். பிறகு கேடி66 என்ற பிரிட்டிஷ் வால்வைப் போட்டார்கள். ஸ்பீக்கரும் உள்ளூர்த் தயாரிப்பான செலெஸ்டியன். அச்சாகக் காப்பியடிக்கத்தான் வெளிக்கிட்டார்கள். ஆனால் லண்டன் இரும்பும் லண்டன் வால்வும் சேர்ந்து வேறொரு சத்தத்தைக் கொடுத்தன. ஜேடிஎம்45 என்ற அந்த ஆம்பில் இருந்துதான் மார்ஷல் சத்தமே பிறந்தது.

இன்னும் கிட்ட வருவோம். விம்பிள்டனில் டிராம் ஏறினால் கொஞ்ச நேரத்தில் மிச்சம் ஜங்ஷன். அங்கேதான் மல்லார்ட் கம்பனியின் பெரிய வால்வுத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. இன்றைக்கும் பழைய மல்லார்ட் வால்வு என்றால் சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுப்பார்கள். அந்த மல்லார்டில் வேலை செய்த டேவ் ரீவ்ஸ் என்பவர் பிறகு தொடங்கியதுதான் ஹைவாட் ஆம்ப். நியூ மால்டனும் கிங்ஸ்டனும் அதன் சொந்த ஊர். த ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட், பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மர் எல்லாம் வைத்து வாசித்த ஆம்ப் அது. எவ்வளவு உரக்க வைத்தாலும் தெளிவு கெடாது என்று அதுக்குப் பெயர். அந்தத் தெளிவுக்கு ஒரு பெரிய காரணமாகச் சொல்லப்படுவது பார்ட்ரிட்ஜ் டிரான்ஸ்ஃபோமர். அதைச் சுற்றிய தொழிற்சாலை இருந்தது செசிங்டனில். இன்றைக்கு நாங்கள் பிள்ளைகளை விளையாட்டுப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகிற அதே செசிங்டன்தான்.

அப்பாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை எஃப்ரா ரோடு பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போன பிறகு, மிச்சம் பக்கமும் காரை விட்டேன். தொழிற்சாலை இப்போ இல்லை. "மல்லார்ட் வால்வு எங்கட கடைக்கும் வந்தது. பெட்டியைப் பாத்தாலே ஒரு மரியாதை" என்று மட்டும் சொன்னார். நாற்பது வருசமாக அவர் அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்.

பவர் டிரான்ஸ்ஃபோமர்: ஐந்து எண்கள்

சரி, வேலைக்கு வருவோம். கடைப் பட்டியலில் இந்த ஐந்தையும் பாருங்கள்.

ஒன்று, பிரைமரி. பிரிட்டனில் கணக்குக்கு 230 வோல்ட் என்றாலும் சட்டப்படி 253 வரைக்கும் வரலாம். எங்கள் வீட்டில் மல்டிமீட்டர் காட்டியது 243. ஆகவே 230, 240 என்று இரண்டு தனி முனைகள் உள்ளதை வாங்குங்கள். உங்கள் வீட்டு அளவுக்குக் கிட்டியதில் கொழுவலாம்.

இரண்டு, ஹெர்ட்ஸ். 50 என்று எழுதியிருக்க வேண்டும்.

மூன்று, உயர் வோல்டேஜ். சாம்ப் வரைபடத்தில் 325-0-325 என்று இருக்கும். நடுவில் சீரோ, இரண்டு பக்கமும் 325. அது 5ஒய்3 வழியாக வந்தால் டிசி 350 வோல்ட்டுக்கு மேலேயும் போகலாம். ஆனால் 6வி6இன் பழைய அட்டவணையில் பிளேட்டுக்கு உச்சம் 315 வோல்ட்தான். அந்தக் காலத்து வால்வுகள் அதை மீறியும் உழைத்தன. இன்றைக்கு வாங்கும் எல்லாம் அப்படி உழைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. நான் 275-0-275 எடுத்தேன். டிசி 310க்குக் கிட்ட வந்தது. சத்தம் ஒரு சொட்டுக் குறையும், வால்வு நாளாக உழைக்கும்.

இதோடு சேர்ந்து கபாசிட்டர் கணக்கும் மாறும். சுவிட்ச் போட்டதும் 5ஒய்3 முதலில் சூடாகிவிடும், 6வி6 கொஞ்சம் பிந்தும். அந்தச் சில நொடிகள் கரண்டை இழுக்க ஆள் இல்லாததால் வோல்டேஜ் உச்சிக்கு ஏறும். 325ஐ 1.414ஆல் பெருக்கினால் 460. அதுக்கு 450 வோல்ட் கபாசிட்டர் போதாது. 275 என்றால் 389. 450 தாராளமாகப் போதும்.

நான்கு, கரண்ட். 6வி6 இழுப்பது 45 மில்லி ஆம்பியர் அளவு, 12ஏஎக்ஸ்7 ஒன்றிரண்டு. மொத்தம் 50 என்று வையுங்கள். 70 அல்லது அதுக்கு மேல் தரும் டிரான்ஸ்ஃபோமர் என்றால் சூடாகாமல் இருக்கும். மிகப் பெரியதை வாங்கினால் வோல்டேஜ் கணக்கை விடக் கூடி நிற்கும், அதையும் மறக்க வேண்டாம்.

ஐந்து, ஹீட்டர். வால்வின் உள்ளே செந்தணலாகத் தெரியும் இழைக்கு 6.3 வோல்ட். 6வி6க்கு 0.45 ஆம்பியர், 12ஏஎக்ஸ்7க்கு 0.3. கூட்டினால் 0.75. 5ஒய்3க்குத் தனியாக 5 வோல்ட், 2 ஆம்பியர். 6.3இல் 10 சதவீதம் முன்பின் பரவாயில்லை. எங்கள் 243 வோல்ட்டை 230 முனையில் கொடுத்திருந்தால் 6.7க்கு மேல் போயிருக்கும். 240 முனையில் கொடுத்ததால் 6.5இல் நின்றது.

அவுட்புட் டிரான்ஸ்ஃபோமர்: விகிதமும் வெடிப்பும்

இங்கே முதல் கேள்வி இம்பீடன்ஸ், அதாவது வால்வுக்குத் தெரிகிற பாரம். ஒற்றை 6வி6க்கு 5,000 ஓம் பாரம் பிடிக்கும் என்று அதன் அட்டவணை சொல்கிறது. கடையில் கிடைக்கும் ஸ்பீக்கர் 8 ஓம்.

"எட்டு ஓமா?" என்று மகள் கேட்டாள்.

"ஓம்" என்றார் அப்பப்பா. சிரித்து முடியப் பத்து நிமிடம்.

5,000ஐ 8ஆல் வகுத்தால் 625. அதன் வர்க்கமூலம் 25. ஸ்பீக்கர் பக்கம் ஒரு சுற்றுக்கு வால்வு பக்கம் 25 சுற்று. பத்தாம் வகுப்புக் கணக்கு ஒன்று மேசையில் இரும்பாக இருப்பதைப் பார்த்ததும் மகள் தானே கல்குலேட்டரை எடுத்தாள். 8 ஓம் முனையில் 4 ஓம் ஸ்பீக்கரைக் கொழுவினால் வால்வுக்கு என்ன தெரியும்? 2,500. டிரான்ஸ்ஃபோமருக்கென்று சொந்தமாக ஒரு ஓமும் இல்லை, ஸ்பீக்கரில் உள்ளதைப் பெருக்கிக் காட்டுவதுதான் அதன் வேலை. ஆகவே முதலில் ஸ்பீக்கரைத் தீர்மானியுங்கள்.

இரண்டாவது, பலர் பிழை விடும் இடம். சாம்ப் மாதிரி ஒரே ஒரு பவர் வால்வு உள்ள ஆம்பில் கரண்ட் எப்போதும் ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும். அது இரும்பை ஒரு பக்கமாகவே காந்தமாக்கி நிரப்பிவிடும். அதைத் தடுக்க இரும்புத் தகடுகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி ஒன்று விட்டுச் செய்வார்கள். "சிங்கிள் எண்டட்" என்று பட்டியலில் போட்டிருப்பது அதைத்தான். இரண்டு வால்வு மாறி மாறி இழுக்கும் "புஷ் புல்" டிரான்ஸ்ஃபோமரில் இந்த வெடிப்பு இருக்காது. பழைய ஸ்டீரியோவில் இருந்து கழற்றியது சும்மா கிடைக்கிறது என்று அதைப் போட்டால் பேஸ் சத்தம் காணாமல் போகும். உங்கள் டிரான்ஸ்ஃபோமர் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் தாங்குமா என்றும் பாருங்கள்.

மூன்றாவது, அளவு. 5 வாட்ஸ் ஆம்புக்கு 5 வாட்ஸ் இரும்பு போதும். பழைய சாம்பில் சின்ன இரும்புதான், அதன் மெலிந்த, கீச்சென்ற குணம் கொஞ்சம் அதிலிருந்தும் வருகிறது. கனடாவின் ஹாமண்ட் கம்பனியின் 125 வரிசையில் 3, 5, 8, 10, 15 வாட்ஸ் என்று படிப்படியாக இருக்கிறது. ஒவ்வொன்றிலும் பல முனைகள் உண்டு, ஸ்பீக்கர் மாறினாலும் சமாளிக்கலாம். நான் 8 வாட்ஸ் எடுத்தேன். 8 அங்குல ஸ்பீக்கருக்கு அதுக்கு மேல் போனால் காசுதான் போகும். இங்கிலாந்திலேயே இப்ஸ்விச்சில் 1941இல் தொடங்கிய சௌட்டர் போல பழைய பெயர்களும் உண்டு.

கடைசியாக ஒன்று. ஸ்பீக்கரைக் கொழுவாமல் வால்வு ஆம்பில் உரக்க வாசிக்கக் கூடாது. சக்தி போக வழி இல்லாமல் திரும்பி வந்து டிரான்ஸ்ஃபோமரின் உள்ளேயே பொறி அடிக்கும். பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லி வையுங்கள்.

ஹெட்ஃபோன் வித்தை

இரண்டு டிரான்ஸ்ஃபோமரையும் எங்கே பூட்டுவது? கிட்டக் கிட்ட ஒரே பக்கம் பார்த்து வைத்தால் ஒன்றின் காந்தம் மற்றதில் ஏறி "ம்ம்ம்" என்று இரையும். அப்பா ஓட்டை போட விடவில்லை. பவர் டிரான்ஸ்ஃபோமரை மட்டும் கரண்டில் போட்டார், மற்ற எல்லா முனைகளையும் தனித்தனியாக டேப் சுற்றி மூடிவிட்டு. அவுட்புட் டிரான்ஸ்ஃபோமரை எதிலும் கொழுவாமல், அதன் ஸ்பீக்கர் முனைகளில் பழைய ஹெட்ஃபோன் ஒன்றைப் பிடித்து மகளின் காதில் வைத்தார்.

"இப்ப இதை மெல்லமாத் திருப்பு."

திருப்பத் திருப்ப இரைச்சல் ஏறி இறங்கியது. ஒரு கோணத்தில் சட்டென்று அடங்கியது. கிட்டத்தட்டச் செங்கோணம். அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டாள். கண்ணால் பார்க்க முடியாத காந்தத்தை அவள் காதால் கண்டுபிடித்த நாள் அது. அப்பாவின் கை இப்போ நடுங்கும், ஈயம் பிடிக்க ஏலாது. அவர் சொல்ல அவள்தான் சோல்டர் பண்ணினாள். அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாத இடங்களில் அவள் தமிழில் விளங்கிக்கொண்டாள். "இறுக்கு", "தளர்த்து", "கிட்டப் பிடி", "பொறு". சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் வராத சொற்கள்.

நான் பயந்த நாள்

இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை நேர்மையாக இருக்காது.

முதல் முதல் கரண்ட் கொடுத்த நாள், மகளை அறைக்கு வெளியே விட்டோம். அப்பா முறைப்படி சீரிஸ் லாம்ப் கட்டினார். பழைய இழை பல்பு ஒன்றை ஆம்போடு தொடராகக் கொழுவினால், உள்ளே ஷோர்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், டிரான்ஸ்ஃபோமர் தப்பும். எல்இடி பல்பில் இது நடக்காது. பல்பு ஒருக்கா மினுங்கி மங்கியது. நல்ல சகுனம். வோல்டேஜ் பார்க்க 5ஒய்3ஐ மட்டும் போட்டிருந்தோம், 6வி6 இல்லை. மீட்டரில் 385. சுவிட்சை நிறுத்தினேன், பிளக்கையும் கழற்றினேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்து, கம்பி ஒன்றைத் தள்ளிவைக்கக் கையை உள்ளே விட்டேன்.

"கையை எடு!"

அப்பா என்னை அப்படி அதட்டிக் கேட்டது சின்ன வயதுக்குப் பிறகு அன்றைக்குத்தான். மீட்டரை வைத்துக் காட்டினார். பிளக் கழற்றிய பிறகும் 370 வோல்ட். கபாசிட்டரில் இருந்ததை இழுக்க வால்வு இல்லை, பழைய வரைபடத்தில் அதை வடிக்க ரெசிஸ்டரும் இல்லை. அப்படியே காத்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கே ஒரு பெரிய ரெசிஸ்டரை நிரந்தரமாகப் போட்டோம், நிறுத்தினதும் தானாக வடிந்துவிடும். அதுக்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் மீட்டரால் பார்த்துத்தான் தொடுகிறோம். ஒரு கை எப்போதும் பொக்கெட்டுக்குள். அந்தக் காலத்து அமெரிக்க வரைபடங்களில் இரண்டு கம்பிப் பிளக்தான் இருக்கும், அதையும் அப்படியே காப்பியடிக்காதீர்கள். மூன்று கம்பி, எர்த் நேராகச் சாஸியில், முன்னால் ஃபியூஸ். கரண்ட் வேலை பழகாதவர்கள், தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம். பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டு விதி: பிளக் கொழுவும் வரைக்கும் எல்லாம் உன் வேலை, கொழுவின பிறகு பெட்டியின் வெளிப்பக்கம் மட்டும் உன்னுடையது.

கடைசியில்

ஆம்ப் இப்போ வரவேற்பறையில் இருக்கிறது. மெதுவாகத் தொட்டால் மெதுவாகக் கேட்கிறது, உரக்க அடித்தால் கத்துகிறது. அது ஃபெண்டரின் சத்தமா என்று கேட்டால், கிட்டத்தட்ட. 275 வோல்ட்டும் 50 ஹெர்ட்ஸும் விம்பிள்டனும் கலந்த ஒரு சத்தம். சாஸியின் உள்பக்கத்தில் அப்பா பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்: 240 முனை, ஹீட்டர் 6.5, திகதி. இனித் திறக்கப்போகிற ஆளுக்குத் தெரிய வேண்டுமாம். கடையில் அதுதான் வழக்கம்.

அந்த 120 வோல்ட் டிரான்ஸ்ஃபோமர் கொஞ்ச நாள் உண்மையாகவே கதவுக்கு முட்டாகத்தான் கிடந்தது. எறியப் போன என்னை அப்பா தடுத்தார். போன கோடையில் டொரோண்டோவில் இருந்து பெரியப்பாவின் பேரன் வந்து, இந்த ஆம்பைப் பார்த்துவிட்டு, தானும் ஒன்று செய்யப் போவதாகச் சொன்னான். அப்பா ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய் அதை எடுத்துவந்து, ஒரு பழைய டவலில் சுற்றி, அவனுடைய சூட்கேஸில் மிளகாய்த்தூள் பக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அங்கத்தையக் கரண்டுக்கு இது சரி" என்றார்.